பதினைந்து இன்ச் கால்

நடுவர் அதை ஊருக்குக் கேட்கவென்று சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்துதான் சொன்னார். ஆனால் மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

"மேல தேக்கு மரம், கீழ முருங்கக் குச்சி."

மண்டபம் முழுக்கக் கேட்டது. பின் வரிசையில் கிளம்பிய சிரிப்பு முன் வரிசை வரைக்கும் வந்து சேர்ந்தது. மேடையில் எண்ணெய் மின்ன நின்றிருந்த வெற்றிச்செல்வன் சிரித்த முகத்தை மாற்றவில்லை. ஆணழகன் போட்டியில் முகத்தை மாற்றக் கூடாது. மூன்றாம் வரிசையில் இருந்த ஜெயசித்ராவுக்கு மட்டும் அவன் தாடை இறுகுவது தெரிந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நான்காம் இடம் என்று அறிவித்தார்கள். அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, எண்ணெயைக்கூடத் துடைக்காமல் சண்முகாபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அது 2004. பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் அவன் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். பதினேழு வயதிலிருந்தே இரும்பு தூக்கிய உடம்பு. சட்டையைக் கழற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு தடவை டைட்டில் அடித்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கவர்மென்ட் வேலை, அப்புறம் கிரீஸ் வாசனையே வேண்டாம் என்பதுதான் அவன் கணக்கு. பெண் பார்க்க வந்த அன்றே அதை அவளிடம் சொல்லியிருந்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னது வேண்டும் என்று தெரிந்தவனாக இருக்கிறானே என்று நினைத்தாள்.

போட்டிக்கு மறுநாளிலிருந்து அவன் கைலி கட்டுவதை நிறுத்தினான். சித்திரை வெயிலிலும் வீட்டுக்குள் முழுக்கால் சட்டைதான். குளித்துவிட்டு வரும்போதுகூட மாட்டிக்கொண்டுதான் வருவான்.

ஜிம் நடத்திய ஜானகிராமன் மாஸ்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "நெஞ்சு, கை, முதுகு எல்லாம் ஒழைச்சா வரும்டா. கெண்டக்காலு மட்டும் பொறப்புலயே வரணும். ஒங்கப்பா கால நான் பாத்திருக்கேன். கொக்குக் காலு."

"நான் வர வெக்கிறேன் மாஸ்டர்" என்றான் வெற்றி.

முதலில் அவன் போனது பெரிய மார்க்கெட்டுக்கு. விடியற்காலையில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்குகிறவர்களின் கால்களை ஓரமாக நின்று பார்த்தான். அவர்களில் அம்மாவாசை என்ற ஆளுக்குக் கெண்டைச் சதை கவிழ்த்துப் போட்ட சொம்பு மாதிரி இருந்தது. ஜெயசித்ராவும் காய் வாங்கக் கூடப் போயிருந்தாள்.

"அண்ணே, காலுக்கு என்னா பண்ணுவீங்க?"

அம்மாவாசைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மூட்டையோடு நின்று சிரித்தார். "இருவது வருசம் மூட்ட தூக்கு, தன்னால வரும். இந்தா, இந்தக் கால வாங்கிக்க. எனக்கு இது வேணாம், மூட்டு வலி உசுரு போவுது."

வெற்றி சிரிக்கவில்லை. மூட்டையோடு படி ஏறும்போது அவருடைய குதிகால் தரையில் படவே இல்லை என்பதைத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசல்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நிற்பான். குதிகாலைக் கீழே இறக்குவான், சதை இழுத்துப் பிடிக்கும் வரைக்கும். பிறகு நுனிக்காலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழும்பி, மேலேயே இரண்டு நொடி நின்று, மெல்ல இறங்குவான். தோளில் மணல் மூட்டை. அது முடிந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டி மேல் இரும்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அதே ஏற்ற இறக்கம். கடைசியாக டாங்கி, கழுதை மாதிரி குனிந்து நின்று செய்வது. இடுப்பை வளைத்து, குனிந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வான். அவன் இடுப்பு மேல் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் ஜெயசித்ரா.

முதல் வாரம் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் முதுகில் உட்கார்ந்துகொண்டு மேலும் கீழும் போய்வருவது குடை ராட்டினம் போல இருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஊர்ல பொண்டாட்டிய தலைல தூக்கி வெப்பாங்க, ஒம்புருசன் முதுவுல வெச்சிருக்கான்" என்றாள். அவனும் சிரித்தான். சிரித்ததில் கால் தடுமாறி இருவரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். பிற்பாடு, அவர்கள் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யோசிக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஒரு வாரம்தான் ஞாபகம் வந்தது.

பிறகு அது வேலையாகிவிட்டது. தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் கோணலானதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். சாயந்தரம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தொட்டியடியிலிருந்து குரல் வரும்.

"ஜெயா, ஏறு."

"அஞ்சு நிமிசம் ஒக்காந்துட்டு வரேங்க."

"மேல வந்து ஒக்காரேன். ஒக்கார்றதுதான வேல?"

சில மாதத்தில் அவள் கனம் போதாமல் போயிற்று. மடியில் மணல் பையை வைத்துக்கொள்ளச் சொன்னான். "கொஞ்சம் ஒடம்பு போடேன்" என்றும் சொன்னான். ஆனால் வீட்டில் முட்டையும் கோழியும் அவனுக்குத்தான் போயின. அவளாகத்தான் அப்படி வைத்தாள், அவன் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் தையல் டேப்பை எடுத்துக் கெண்டைக்காலை அளக்கச் சொல்வான். பன்னிரண்டரையில் தொடங்கியது. நான்கு மாதம் நகரவே இல்லை. பிறகு கால் இன்ச், அரை இன்ச். பதின்மூன்றைத் தாண்டிய அன்று அவன் கண் கலங்கியது. அளந்த அவளுக்கும் கலங்கியது.

அவள் காலில் நரம்பு புடைக்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். இடது கெண்டைக்காலில் பச்சையாக, மண்புழு சுருண்டது மாதிரி. சாயந்தரமானால் கணுக்கால் வீங்கிவிடும். இராத்திரியில் சதை பிடித்து இழுக்கும். ஒருநாள் அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கி அவனிடம் காட்டினாள்.

குனிந்து நன்றாகப் பார்த்தான். விரலால் தொட்டும் பார்த்தான். "நரம்பு எவ்ளோ சூப்பரா தெரியுது பாரு! இது மாரி தெரியணும்னுதான் போட்டிக்கு முன்னாடி தண்ணி குடிக்காம கெடக்கறோம்."

அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அவள் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

2006 பிப்ரவரியில் போட்டி. அதற்குப் பத்து நாள் முன்னால், காலை ஷிப்ட்டில், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருப்புக்குள் வெதுவெதுப்பாக ஏதோ நனைந்தது. தண்ணீர் சிந்திவிட்டது என்று நினைத்தாள். பக்கத்தில் நின்ற சுமலதாதான் கீழே பார்த்துவிட்டுக் கத்தினாள். நரம்பு உடைந்து ரத்தம் பீய்ச்சிக்கொண்டிருந்தது. சுமலதா அவளைத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். அப்படியே ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். "நின்னுக்கிட்டே பாக்கற வேலையாம்மா? கெண்டச் சதைதான் ரத்தத்த மேல தள்ளற பம்பு. ஆடாம அசையாம நின்னா பம்பு வேல செய்யாது. வேலைல நடுநடுவுல குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கணும். தெரியுமா எப்படினு?"

"தெரியும் டாக்டர்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெற்றி சீட்டை வாங்கிப் படித்துவிட்டு நான்காக மடித்தான். போட்டிக்காகச் சோற்றையும் உப்பையும் விட்டு, கன்னம் ஒட்டிப் போயிருந்தான்.

"ஆஸ்பத்திரில தூக்கம் முழிச்சா ஒடம்பு ஊதிக்கும் ஜெயா. ரெண்டு வருசம் ஒழைச்சது போயிடும். சுமலதாவ கூட்டிட்டுப் போறியா?"

அதட்டிச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவன் கெஞ்சினான். "சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பெண்கள் வார்டுக்குள் அவன் பரிசுக் கோப்பையோடு நுழைந்தான். இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அரைக்கால் சட்டை போட்டிருந்தான். மேடைக்காக உடம்பில் பூசிய கரும்பூச்சை இன்னும் கழுவவில்லை. கட்டில்களில் படுத்திருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். வழியில் நிற்காதீர்கள் என்றாள் நர்ஸ்.

"வலிக்குதா?" என்று கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள், "பதினஞ்சு இன்ச், ஜெயா. ரெண்டு நடுவரும் நாற்காலிய விட்டு எழுந்து வந்து குனிஞ்சு பாத்தாங்க. ஒருத்தன் சிரிக்கல. மண்டபத்துல ஒருத்தன் சிரிக்கல" என்றான்.

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பிக் காட்டினான். சதை இரண்டாகப் பிளந்து இறுகி நின்றது. அழகாகத்தான் இருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்ட அவளுடைய கால் போர்வைக்குள் இருந்தது. அவன் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. மறந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்கிறவன் இல்லை. அது தெரிந்திருந்ததால்தான் யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, கோட்டா விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்குப் போனபோது அவளையும் அழைத்துப் போனான். கவுன்டருக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சான்றிதழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"இத குடுத்த சங்கம் எங்க லிஸ்ட்டுல இல்லயேப்பா."

"சார், டைட்டில் அடிச்சது நான்தான் சார்."

"நீதாம்பா. ஆனா சங்கம் ரெண்டா ஒடஞ்சி ஒரு வருசம் ஆவுது. அங்கீகாரம் இன்னொரு சங்கத்துக்கு. அவுங்க நடத்தனதுல ஜெயிச்சிருந்தா எடுத்திருப்போம். ஒங்க மாஸ்டர் சொல்லலியா?"

வெற்றி என்ன நினைத்தானோ, குனிந்து பேன்ட்டின் இரண்டு காலையும் முட்டி வரைக்கும் சுருட்டிவிட்டான். திரும்பி நின்று நுனிக்காலில் எழும்பினான். "பாருங்க சார். இத பாருங்க. பன்னண்டரை இருந்துது சார்."

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். யாரோ ஒரு ஆள் களுக்கென்று சிரித்தான். குமாஸ்தா கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துத்தான் சொன்னார். "எறக்கி விடுப்பா. பொம்பளைங்கள்லாம் நிக்கறாங்க."

அவன் இறக்கிவிடவில்லை. அப்படியே எழும்பி நின்றுகொண்டிருந்தான். ஜெயசித்ராதான் நொண்டிக்கொண்டே போய், குனிய முடியாமல் குனிந்து, ஒரு காலையும் பிறகு மற்றொரு காலையும் இறக்கிவிட்டாள். சான்றிதழை எடுத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அவனுக்காக அவ்வளவு வேதனை அவள் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் படவில்லை.

ஜானகிராமன் மாஸ்டருக்கு முதலிலேயே தெரியுமாம். "சொன்னா நீ நம்ம சங்கத்துல நிக்க மாட்டியே" என்றாராம். அதை வெற்றி பெரிய சத்தமில்லாமல்தான் அவளிடம் சொன்னான். வருஷம் முடிவதற்குள் அவன் வேறு ஜிம்முக்கு மாறிவிட்டான். தொட்டியடிக்கு மறுபடியும் மணல் மூட்டை வந்தது. டாங்கிக்கு அவளைக் கூப்பிடவில்லை, ஜிம்மில் ஆள் இருந்தார்கள். அவள் மீண்டும் பெல்ட்டடிக்குப் போனாள். ஸ்டூல் கேட்டதற்கு, ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பீர்கள் என்றார் சூப்பர்வைசர். வலது காலிலும் நரம்பு சுருள ஆரம்பித்தது.

மார்கழியில் ஒரு காலை, அவன் முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "இந்தக் காலும் ஆபரேசன் பண்ணணுமாங்க."

"எப்ப?"

"ஜனவரி கடைசில வரச் சொல்றாங்க."

மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து அவள் தட்டில் வைத்தான். யோசித்தான். "போட்டி பிப்ரவரி மொத வாரம். ரெண்டு வாரம் தள்ளிப் போட முடியுமானு கேளேன். இந்த தடவ நான் கூட இருக்கேன், கண்டிப்பா."

அந்தக் 'கண்டிப்பா'வை அவன் மனசாரத்தான் சொன்னான். அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. ஜனவரி கடைசியில், பாகூரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சுமலதாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள். கட்டுப் போட்டு அனுப்பியதும் நேரே பாகூர் பஸ்தான். ஆபரேஷன் விஷயம் அவனுக்குத் தெரிந்தபோது ஒரு வாரம் கடந்திருந்தது. வந்தான். பாகூர் வீட்டு வாசலிலேயே நின்று, "எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?" என்று கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. அவளுக்கு அது நன்றாகக் கேட்டது. "தோணல" என்றாள். அது பொய். போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். கோபத்திலா, போட்டிக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சுமலதா வந்து சேதி சொன்னாள். அங்கீகாரம் உள்ள சங்கம். எல்லாரும் அவன் காலைத்தான் பார்த்தார்களாம். ஆனாலும் இரண்டாம் பரிசுதானாம். தோள் வாடிவிட்டது, இந்த வருஷம் கவனிக்கவில்லை என்று நடுவர் எழுதினாராம். கோட்டாவுக்கு முதல் பரிசு வேண்டும்.

"மேடைய விட்டு எறங்கி அப்பிடியே செவுத்தப் பாத்து ஒக்காந்துட்டாரு. யாரு கூப்ட்டும் திரும்பல" என்றாள் சுமலதா.

"சாப்ட்டாராடி?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

கேட்டு முடித்த பிறகுதான் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலில் போட்டிருந்த கட்டின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். சுமலதா சொன்ன பதிலை அவள் காதில் வாங்கவில்லை.