கன்னத்தில் ஒரு பாதாம்

கண்டக்குழிக் கடற்கரையில் ஃபஸ்லானின் லொட்ஜுக்கும் அவன் மச்சான் முனாஸின் லொட்ஜுக்கும் நடுவே கடலுக்குப் போகும் மணல் பாதை ஒன்று உண்டு. அது யாருடையது என்பதில் இருவருக்கும் துளியும் சந்தேகமில்லை. அதனால்தான் மூன்று பெருநாளாக ஸலாமும் இல்லை.

இந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், டென்மார்க்கிலிருந்து பட்டம் பிடித்து அலையில் ஓட வந்த கூட்டம் இரண்டு லொட்ஜிலும் பாதிப்பாதியாகத் தங்கியிருந்தது. கூட்டத்தின் தலைவி கிர்ஸ்டன் தங்கள் ஊர் வழக்கப்படி பாற்சோறு ஆக்கி, ஒற்றைப் பாதாமை அதற்குள் புதைத்து, சட்டியின் இருபுறமும் முதலாளிகளை உட்கார வைத்தாள். பாதாம் அகப்பட்டவர் சட்டி காலியாகும்வரை அதை வாய்க்குள் ஒளித்திருந்து, கடைசியில் காட்ட வேண்டும். முன்னரே தெரிந்தால் ஆட்டம் செல்லாது. அவர்கள் ஊரில் பரிசு, இனிப்பில் செய்த பன்றியாம். இங்கே அது முறையில்லை என்று அவளே யோசித்து, அடுத்த வருஷக் கூட்டம் முழுவதும் வென்றவரின் லொட்ஜில் தங்கும் என்று அறிவித்தாள்.

மூன்றாம் கரண்டியிலேயே ஃபஸ்லானுக்குப் பாதாம் அகப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்வை மனதுக்குள் சொல்லிக்கொண்டான். சட்டி பெரிது. முனாஸ் தேடித் தேடி விழுங்குவதைப் பார்க்கவே அவனுக்கு வயிறு நிறைந்தது.

முனாஸ் மடையனில்லை. மச்சானின் லேசாகப் புடைத்த இடது கன்னத்தைப் பார்த்தான், கரண்டியை வைத்தான். கடற்பாதை தன் காணி என்றும், ஃபஸ்லானின் விருந்தாளிகள் இவ்வளவு நாளும் தன் தயவில் நடந்தார்கள் என்றும் கிர்ஸ்டனுக்கு இங்கிலீஷில் விளக்கினான்.

"என்ன மச்சான், பொய்யெண்டா செல்லேன். இல்லாட்டி ஓமெண்டுதான் எடுப்பாங்க."

ஃபஸ்லான் மூக்கால் மூச்சு விட்டான். டென்மார்க்காரர்கள் புரிந்ததாகத் தலையாட்டினார்கள்.

"உன்ட வாப்பாவும் இப்பிடித்தான். பாதைக் கதை வந்தா வாய் தொறக்க மாட்டார்."

கடக்கென்று ஒரு சத்தம். பாதாம் ஃபஸ்லானின் தொண்டையில் இறங்கியது.

"நீங்க மன்னாரால தொரத்தப்பட்டு வந்து எறங்கின அண்டைக்கு, அந்தப் பாதையால நடக்க விட்டதே என்ட வாப்பாதான்டா."

முனாஸ் கரண்டியை மீண்டும் எடுத்தான். மிச்சச் சோற்றை வழித்துத் தின்று சட்டியைக் காலியாக்கினான். பாதாமைக் காணோம். அதை விழுங்கியது தான்தான் என்றான் ஃபஸ்லான். இல்லை, விழுங்கியது தான் என்று முனாஸ் வல்லாஹி சொல்லிச் சத்தியம் போட்டான். கிர்ஸ்டன் கைபேசி வெளிச்சத்தில் இருவர் வாயையும் பார்த்தாள். சோறுதான் இருந்தது.

அடுத்த நத்தாருக்கு அவர்கள் இரண்டு லொட்ஜும் வேண்டாமென்று, தூரத்து உச்சமுனையில் தங்குவார்களாம்.

விடிந்ததும் முனாஸ் அந்தப் பக்கத்திலிருந்தும் ஃபஸ்லான் இந்தப் பக்கத்திலிருந்தும் பாதைக்கு முள்ளுக்கம்பி அடித்தார்கள். டென்மார்க்காரர்கள் பட்டங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு, பள்ளிவாசலைச் சுற்றிக் கடலுக்குப் போனார்கள்.