பகல் பன்னிரண்டு மணிக்குத் தீவில் எத்தனை பேர்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வாசற்படியில் பிறந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அம்மாள், "வீட்டுல எத்தனை பேருங்க?" என்று கேட்டபோது, ஆளில்லாத தீவில் ஒருவன் போய் இறங்கும் கதையின் மூன்றாவது வரியில் நான் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாபகத்தில் "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். "இன்னொருத்தரக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட ஆள் ஏது? என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒண்ணுன்னே போட்டுக்கறேன்" என்று நோயாளியிடம் பேசுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒன்று எனக்குப் பிடிக்கவே இல்லை. உள்ளே வந்து எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

(கிழித்ததில் இருந்தது இவ்வளவுதான்: "கடல் நீலமாக இருந்தது. வானமும் நீலமாக இருந்தது. நடுவில் அவன்..." இன்னும் ஒரு வார்த்தை எழுதினால் அவனும் நீலமாகிவிடுவான் என்று பயந்து நிறுத்தியிருந்தேன்.)

2

புது ஆரம்பம்.

தலையெண்ணி படகிலிருந்து தண்ணீரில் இறங்கினார். பேண்ட் முழங்கால் வரை நனைந்தது. இலாகா கொடுத்த போனை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறினார். தலையெண்ணி என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். இருபத்தெட்டு வருடமாக மக்கள்தொகைக் கணக்கெடுக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

போன முறை இந்தத் தீவைக் கணக்கெடுத்தவர் படகில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டாராம். அது மேலிடத்தின் காதுக்குப் போயிற்று. இந்த முறை கறாராக ஒரு சுற்றறிக்கை வந்தது. கணக்கெடுப்பு நாளில், பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, அலுவலர் தீவின் மண்ணில் நின்று, அங்கே மனிதர் யாருமே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சுற்றறிக்கையைப் பார்த்துச் சிரிக்கிற ஜாதி இல்லை.

தீவை ஒரு சுற்று வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு அடி. சில புதர், ஒரே ஒரு சாய்ந்த மரம், சங்குகளுக்குள் குடியிருக்கும் நண்டுகள், எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்த கடற்பறவைகள். ஆள் இல்லை. மணி பன்னிரண்டு. போனில் பொத்தானை அமுக்கினார். "இத்தீவில் மனிதர்: 1" என்று வந்தது.

திரும்ப அமுக்கினார். ஒன்று. மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அமுக்கினார். ஒன்று. மணலில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினார். "அலுவலரும் மனிதரே" என்றது திரை.

3

"என்ன சார், முடிஞ்சுதா? பூஜ்யந்தானே?" பவளப்பாறை மேட்டுக்கு அந்தப் பக்கம் படகை நிறுத்தியிருந்த படகுக்காரர் கத்தினார்.

"ஒண்ணுன்னு காட்டுதுப்பா!"

"யாரு சார் அந்த ஒண்ணு?"

"நாந்தான்!"

படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, கெடுத்தீங்களே! ஒரு ஆளு இருந்தாலே படகுத்துறை கட்டிக் குடுக்கணும்னு புது உத்தரவு சார். துறை கட்டணும்னா இந்தப் பவளப்பாறைய வெடி வெச்சு உடைப்பான். பாறை போச்சுன்னா மீன் போச்சு. மீன் போச்சுன்னா நான் படகக் கவுத்துப் போட்டு, அதுக்கடியில குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

"கரைக்கு வந்து பேசேன்!"

"நான் வந்தா ரெண்டாயிடும் சார். ரெண்டுன்னா பள்ளிக்கூடம் கட்ட வந்துடுவான்!"

தலையெண்ணி தண்ணீரைக் குனிந்து பார்த்தார். வரும்போது போன் நனையக்கூடாதே என்ற கவலையில் இதையெல்லாம் பார்க்கவே இல்லை.*

* இங்கே ஒரு பக்கம் வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன். மிச்சம் வைத்தது: பவளம் கல் இல்லை, கடுகளவு உயிர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட வீடு. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு குடும்பஸ்தன். கோடிக்கணக்கான பேர் குடியிருக்கும் ஊருக்குத்தான் இலாகா "ஆளில்லாத தீவு" என்று பெயர் வைத்திருக்கிறது. கிளிமூக்கு மீன்கள் பாறையைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்கு வெளியிலேயே கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ முறுக்கு தின்கிற மாதிரி.

இத்தனை வீடும் தன் ஒருவனால் போகப்போகிறதா? மனுஷன் நிஜமாகவே கலங்கிப்போனார்.

4

திரையில் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "இம்மனிதர் தம் வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டுள்ளாரா? ஆம் எனில் தீவுக் கணக்கிலிருந்து நீக்கப்படுவார். வீட்டார் சொல்வதே முடிவு. பன்னிரண்டரைக்குள் பதில் வராவிட்டால் 1 உறுதியாகும்."

அப்பாடா! இதே நேரத்தில் அவர் தெருவில் ஒரு டீச்சர் வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். மனைவி "ரெண்டு பேர்" என்று சொன்னால் போதும், தீவு பூஜ்யமாகிவிடும். ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டார். அப்புறம்தான் பத்து வருடத்துக்கு முந்தைய சமாசாரம் ஞாபகம் வந்தது.

(இங்கே கதை என்னிடம் முரண்டு பிடித்தது. இந்தப் பகுதியின் முதல் வரைவில் அவர் மனைவிக்கு நான் கொடுத்தது ஒரே வசனம்: "பத்திரமாப் போயிட்டு வாங்க." அந்த அம்மாள் அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.)

போன கணக்கெடுப்பில் தன் தெருவை எழுதியவர் இவரேதான். கடைசி வீடு இவருடையது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மனைவி சீவிக் கொடுத்த பென்சிலால், அவள் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துக்கொண்டே, "இவ்வீட்டில் மொத்தம்: 1" என்று எழுதினார். அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எப்போது கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தாள். அவர் உறையை ஒட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்றிலிருந்து, "தட்டு வைக்கலாமே" என்றால், "இல்லாதவகிட்ட ஏன் கேக்கறீங்க?" என்று பதில் வரும். சட்டையில் பொத்தான் அறுந்தால் இல்லாதவள் தைத்துக் கொடுப்பாள். கல்யாணப் பத்திரிகைகளில் "குடும்பத்துடன்" என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டு அவரிடம் நீட்டுவாள். பத்து வருடம்! அவரும் ஒரு தடவைகூட வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் தப்பாக எண்ணினோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

இப்போது கணக்குச் சொல்கிற இடத்தில் அவள்.

5

மணி பன்னிரண்டு பதினெட்டு. சாய்ந்த மரத்தில் தொற்றி ஏறினால் ஒரு கோடு சிக்னல் வந்தது.

"ஏம்மா, டீச்சர் வந்தாச்சா?"

"வாசல்ல நிக்கறாங்க. எத்தனை பேருன்னு கேக்கறாங்க. யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஆமா, நீங்க அன்னைக்கு யோசிக்கவே இல்ல."

அவர் பாறையைச் சொன்னார், வெடியைச் சொன்னார், படகுக்காரரையும் மீனையும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப பாறைக்காகத்தான் என்கிட்ட கேக்கறீங்க."

"பாறைக்குந்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இல்ல. எனக்காகத்தான் கேக்கறேன். அன்னைக்கு உன்ன எண்ணாம விட்டேன். தப்பு என் பேர்லதான். இங்க ஒத்தை ஆளா, ஒண்ணுன்னு நிக்கும்போதுதான் புரியுது. ரொம்பக் கஷ்டமா இருக்கு. என்ன உன்னோட சேத்துக்கோம்மா."

லைன் அறுந்துவிட்டது. அவள் எவ்வளவு தூரம் கேட்டாள் என்பது எனக்கே தெரியாது.

6

முடிவுகள்.

முதலாவது: அவள் "ஒண்ணு" என்கிறாள். பாறை வெடிக்கிறது. ஒருவருக்காகக் கட்டிய படகுத்துறையில்... (என்னால் முடியாது. அவர் குரலை நானும்தானே கேட்டேன்.)

இரண்டாவது: அவள் "ரெண்டு" என்கிறாள், டீச்சர் எழுதிக்கொள்கிறார், கடலில் மீன்கள் துள்ளுகின்றன... (சர்க்கரை தூக்கல்.)

நடந்ததைச் சொல்கிறேன். அவள் போனை மேசையில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிக்கோங்க டீச்சர். ரெண்டு பேரு" என்றாள்.

"சார் எங்கக்கா?"

"உள்ள படுத்திருக்காரு." அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்.

டீச்சர் இலாகா கொடுத்த போனில் விரலைக் கொண்டுபோனார், பிறகு நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க சொல்றதுதான் முடிவு, ஆனா வீட்டுல இருக்காருன்னா ஆளப் பாக்கணும், இல்லன்னா குரலாவது கேக்கணும். வெறும் இருமல் போதும். ஆனா உள்ளேருந்து வரணும்."

மணி பன்னிரண்டு இருபத்தொன்பது. உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருக்கிறது. கட்டிலில் மடிக்காத போர்வை. கொக்கியில் அவருடைய கட்டம் போட்ட சட்டை. மின்விசிறி சுற்றுகிறது.

நான் இருமலாமென்றால், என்னைத்தான் ஏற்கெனவே என் வீட்டில் ஒன்று என்று எழுதியாயிற்றே. ஒருவரை இரண்டு இடத்தில் எழுதக்கூடாது. படகுக்காரர் கடலில். தலையெண்ணி மரத்தில்.

நீங்கள் இவ்வளவு நேரமும் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? வாயைத் திறக்காமல், யார் கண்ணிலும் படாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு? ஆணா பெண்ணா என்பது பற்றிக் கவலை வேண்டாம், இருமலில் அதெல்லாம் தெரியாது.

அவள் கதவுப் பக்கம் திரும்புகிறாள்.

"என்னங்க... உங்களத்தான்."