பந்து எழும்பாத அடி

தாரணி எழுதிக் கொடுத்தது நாலு பக்கம். ரிச்சர்ட்ஸ் டவுன் ஸ்டூடியோவில் தயாராகும் டென்னிஸ் அனிமே தொடரின் நாயகனுக்கு ஒரு விசேஷ அடி. முதல் இரண்டு பக்கம் செய்முறை: மட்டையைப் பந்துக்கு அடியில் சீவி இழுத்தால், பந்து பின்சுழன்று வலைக்கு அந்தப்புறம் விழும், எழும்பாமல் வலையை நோக்கியே உருளும். மீதி இரண்டு பக்கம் அதன் எல்லை: மெதுவாக வரும் பந்தில்தான் பலிக்கும்; ஒரு மேட்சில் மூன்று தடவைக்கு மேல் மணிக்கட்டு தாங்காது.

டீம் லீடர் ஸ்ரீகண்டன் கடைசி இரண்டு பக்கத்தை உருவிவிட்டு, மற்றதைத் தன் பெயரில் சேனலுக்கு அனுப்பினார். டைட்டில் கார்டிலும் அவர் பெயர்தான் ஓடியது. தாரணி போய்க் கேட்டதற்கு, "ஹீரோவால முடியாததை எல்லாம் யாரும்மா பார்ப்பாங்க?" என்று சிரித்தார்.

சரி சார் என்று வந்துவிட்டாள். உள்ளே மட்டும் கறுவிக்கொண்டே இருந்தாள். மேட்ச் காட்சிகளை வரைவதும் அவள்தான்; ஆறு எபிசோடிலும் நாயகனுக்கு வந்த பந்தையெல்லாம் மெதுவாகவே வரைந்தாள். மேட்சுக்கு மூன்றே அடி. ஸ்ரீகண்டன் கவனிக்கவில்லை. கதைப்படி ஏழாவதில் நாயகன் தோற்றாக வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

சேனலின் நிருபமா வீடியோ காலில் வந்தாள். இந்த அடி கையில் இருப்பவன் எப்படித் தோற்பான் என்று கேட்டாள். காற்று அடிக்கும் என்றார் ஸ்ரீகண்டன். அது உள்ளரங்கம் சார் என்றாள் நிருபமா. அவர் தண்ணீர் குடித்தார்.

"காரணம் இருக்கு மேடம். அடியை எழுதினவங்களுக்குத் தெரியும்," என்றாள் தாரணி.

"சார்தானே எழுதினது?"

"அதை சாரே சொல்லட்டும்."

ஸ்ரீகண்டன் அவளை முறைத்தார். கெஞ்சுவது போலவும் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில், எழுதியது தாரணிதான் என்று மேசையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"கேக்கல சார். மைக் கிட்ட வந்து சொல்லுங்க," என்றாள் தாரணி.

சொன்னார். இரண்டு பக்கத்தை உருவியதையும் சேர்த்து.

இனி கார்டில் தாரணி பெயர் என்று முடிவு செய்த நிருபமா, தோல்விக் காரணத்தை யாராவது குறித்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஸ்ரீகண்டன் சார் எழுதிக்குவாரு மேடம்," என்றாள் தாரணி. அவர் பேனாவைத் தேடி எடுக்கும்வரை பொறுத்தாள். பிறகு, ஸ்கூல் டிக்டேஷன் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.