சிங்க்குக்கு அடியில் கேட்டது

மகள் வந்ததிலிருந்தே சிங்க்கின் அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே இருக்கும் குழாயும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கனெக்‌ஷன் பைப்பும் சேரும் இடத்தில் கசிவு. அவள் அப்பா, டிரைவர், அங்கே ஒரு வாளியை வைத்தார், அதோடு சரி. அது நிரம்ப நிரம்ப மகள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வைத்தாள். அந்த வீட்டில் இருவருக்கும் இடையே பேச்சைவிட அந்த வாளிதான் அதிகம் போய்வந்தது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னமும் அவர் டிரைவர்தான். மனைவி போய்ச்சேர்ந்துவிட்டாள், ஒரே மகள். அவள் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நிற்பது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அவரே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். "ஒரு கை தட்டினா ஓசை வராதும்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். மருமகன் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்திருக்கிறார். போன தடவை மகள் இரண்டு விரல்கள் கன்றி வீங்க வந்தாள். வேண்டுமென்றே கதவைச் சாத்தினான் என்றாள். "அவ கை இருந்ததைக் கவனிக்கல மாமா" என்று அவன் பின்னாலேயே வந்து அழுதான். அழுதவனை டிரைவர் நம்பினார். அழாமல் சொன்னவளை நம்பவில்லை.

இந்தத் தடவையும் அவளுக்குத் தெரியாமல் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை வரச் சொல்லியிருந்தார். வரும் மாப்பிள்ளை கண்ணில் ஒழுகும் சிங்க் படக்கூடாதே என்றுதான் அன்று காலை வேலையில் இறங்கினார்.

சிங்க்குக்குக் கீழே இருந்த வால்வு துருப்பிடித்து அசைய மறுத்தது. மாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டு வந்து, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டார். அலமாரியில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துவைத்து, மல்லாந்து படுத்து, தோள்வரை உள்ளே நுழைந்தார். நட்டு கல்லாய் இறுகியிருந்தது. ஸ்பேனரைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து சுற்றியது. ஒரு கையால் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருப்பினார். பைப் கழன்றது, அதில் தங்கியிருந்த தண்ணீர் முகத்தில் கொட்டியது. உள்ளே இருந்த வாஷர் தொட்டதும் பிய்ந்து வந்தது.

புது வாஷருக்காகக் கையால் துழாவிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. சாயங்காலம் வரவேண்டியவன் காலையிலேயே வந்துவிட்டான்.

"மாமா எங்க?"

"வெளிய போயிருக்காரு" என்றாள் மகள்.

டிரைவர் குரல் கொடுக்க வாயைத் திறந்தார். இவள் ஏன் பொய் சொல்கிறாள் என்ற யோசனை வாயை அடைத்தது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

"உக்காரு" என்றான் மருமகன். அதே மெல்லிய குரல். "விரல் ஆறிடுச்சா? காட்டு."

"வேணாம்."

"காட்டுன்னு சொன்னேன். ம்... நல்லாத்தான் ஆறியிருக்கு. அடுத்த கையில இன்னும் அஞ்சு இருக்கு, மறந்துடாத. யாரு என்னை வரச் சொன்னது தெரியுமா? உங்கப்பன்தான். பெரிய மனசு பண்ணிக் கூட்டிட்டுப் போங்க மாப்ளேன்னு கெஞ்சுறான். பெத்தவனே தள்ளிவிடுறான், நீ யார்கிட்ட போய் அழப்போற?"

துழாவிய கையில் டிரைவருக்கு ஸ்பேனர் அகப்பட்டது. எழ நினைத்தார், முழங்கால் மடங்க மறுத்தது. நெற்றி கழிவுக் குழாயில் இடித்தது. புரண்டு, கையூன்றி, தவழ்ந்துதான் வெளியே வரமுடிந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருக்க, கையில் ஸ்பேனரோடு முன்னறையில் போய் நின்றார்.

மருமகன் அவள் மணிக்கட்டை விட்டான். முகத்தில் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

"மாமா! உள்ளதான் இருந்தீங்களா? சும்மா விளையாட்டுக்குப் பேசிட்டு இருந்தோம்..."

"போயிடு."

"நீங்கதானே மாமா வரச் சொன்னீங்க?"

"ஆமா. நான்தான். இப்ப போகச் சொல்றதும் நான்தான்."

அவன் அவசரப்படவில்லை. ஸ்பேனரை ஒரு பார்வை பார்த்தான். நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, மரியாதை குறையாமல் கேட்டான்: "சரிங்க மாமா. உங்களுக்கும் வயசாகுது. இன்னும் எத்தனை நாள் காவல் இருப்பீங்க?"

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

டிரைவர் மகள் பக்கம் திரும்பினார். "இப்படியெல்லாம் பேசுவான்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னேம்ப்பா. ரெண்டு தடவையும் சொன்னேன். இதே வார்த்தையிலதான் சொன்னேன்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான் இருந்தது. "அவன் வாயால சொன்னாத்தான் உங்களுக்குக் கேட்குது. அதான் நீங்க இல்லைன்னு சொன்னேன்."

அவர் நின்ற இடத்தில் தரையில் ஈரம் பரவியது. திரும்பப் போய்ச் சிங்க்குக்கு அடியில் படுத்தார். புது வாஷரைப் பொருத்தி, குழாயின் மரையில் கசிவு அடைக்கும் வெள்ளை டேப்பைச் சுற்றி, நட்டைக் கையால் ஏற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினார். மகள் கேட்காமலேயே மாடிக்குப் போய்த் தொட்டி வால்வைத் திறந்தாள். இணைப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. வேலை நன்றாகத்தான் வந்திருந்தது. அலமாரிக்குள் படுத்தபடியே வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் அவள் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். கூட வேலை பார்க்கும் ஒருத்தியோடு அறை எடுத்திருப்பதாகச் சொன்னாள். வந்த அன்றே பேசி வைத்துவிட்டாளாம்.

"இங்கயே இரும்மா. சத்தியமா இனி அனுப்ப மாட்டேன்."

"போன தடவையும் முதல்ல இதைத்தாம்ப்பா சொன்னீங்க. அப்புறம் நீங்களே கொண்டுபோய் விட்டீங்க."

ஆட்டோ வந்து நின்றது. அவர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அதற்குள் அவளே எடுத்துக்கொண்டாள்.

"அட்ரஸாவது குடுத்துட்டுப் போ."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் பதில் வந்தது.

"வேணாம்ப்பா. அவன் வந்து உங்க முன்னாடி உட்கார்ந்து அழுவான். நீங்க சொல்லிடுவீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லவந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஆட்டோ கிளம்பும்வரை வாயைத் திறக்கவில்லை.