தேனும் கரண்டியும்

மருமகள், அவள் மடியில் பேத்தி, எதிர் நாற்காலியில் சம்பந்தி, சுவரோரம் பெரியவர், விளக்கைத் திருப்பிக்கொண்டிருக்கும் பல் டாக்டர், ஆக அறையில் ஐந்து பேர், மகனுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, சரி, மகன் வர முடியாத இடத்துக்கு மகனைப் பெற்றவர் வருவதுதான் முறை, ஆனால் சம்பந்திக்கு இங்கே என்ன வேலை, யார் கூப்பிட்டார்கள் இவரை, வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றத் தெரியாமல் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம்... அவர் தலையைக் கண்டதும் குழந்தை அதுவரை அழுத அழுகையை அப்படியே விழுங்கிவிட்டு "என் தாத்தா!" என்று கையை நீட்டியதே, அதைத்தான் பெரியவரால் ஜீரணிக்க முடியவில்லை. என் தாத்தாவாம். அப்படியானால் காலையில் முகம் கழுவிவிட்டு, பொத்தான் போட்டுவிட்டு, வாய்க்கு வாய் ஊட்டிவிடுகிற இவர் யார்? இவருக்கு அது வைத்திருக்கும் பெயர் வீட்டுத் தாத்தா. வீட்டு வரி, வீட்டுச் சாவி, வீட்டுத் தாத்தா. ஒரு மனிதனை இதைவிட மரியாதையாக மூலையில் நிறுத்த முடியுமா என்ன?

அந்த ஆள் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகள் மத்தியானம் வேலைக்குப் போனதும் குழந்தை அவர் வீட்டில்தான், அங்கே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து, வாயாலேயே ஹாரன் அடித்து, ஒருநாள் போய் எட்டிப் பார்த்தாரே பெரியவர், அந்த வயதில் ஒரு மனிதர் "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க" என்று காலி நாற்காலிகளிடம் கத்திக்கொண்டிருக்கிறார், குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறது... இவரிடம் ஒருநாளாவது அப்படிச் சிரித்திருக்கிறதா? இவருக்கு விளையாடத் தெரியாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா, எடையும் அளவும் சோதிக்கும் இலாகாவில் அதிகாரியாக இருந்தவர், இவர் படியேறினால் கடைக்காரர்கள் கைகட்டி எழுந்து நிற்பார்கள், சோதிக்காத எடைக்கல்லில் ஒரு பொருளை நிறுக்க விட்டதில்லை, அப்படிப்பட்டவர் சோதிக்காத கரண்டியைப் பேத்தியின் வாயில் வைப்பாரா? ஒவ்வொரு வாயும் முதலில் இவர் நாக்கில், சூடு பார்த்து, உப்பு பார்த்து, பிறகுதான் குழந்தைக்கு. அன்பு என்றால் இதுதான். ஹாரன் அடிப்பதா அன்பு?

"தங்கம், ஆ காட்டு, பெரிசா ஆ..." விளக்கு விழுந்தது, ஐயோ, முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பேறி, எலி கொறித்த பென்சில் முனை மாதிரி, இரண்டு வயது தாண்டி இப்போதுதானே பல் வரிசையே முளைத்து முடித்தது, அதற்குள்ளா? நாக்கிலும் கன்னத்து உள்பக்கமும் பாலாடை ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக, மருமகள் துணியால் துடைத்துப் பார்த்தாளாம், போகவில்லையாம். எங்கள் வம்சத்தில் சொத்தைப் பல் கிடையாது, அதைப் பெண் பார்க்கப் போன அன்றே சபையில் சொன்னவர் இவர், அப்பா கடைசி வரைக்கும் கரும்பைக் கடித்துத்தான் தின்றார், பல்லைப் பார்த்தே எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்... அப்படியிருக்க இது எங்கிருந்து வந்தது, வேறு எங்கிருந்து, அந்தப் பக்கத்திலிருந்துதான். "பாட்டில் வாயில வச்சுக்கிட்டே தூங்குவாளா? பால்ல இனிப்பு ஏதாவது விடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டு வாய் மூடவில்லை, சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார். "நாந்தாம்மா. மத்தியானம் படுக்கப் போடும்போது ஒரு ஸ்பூன் தேன் விடுவேன். இல்லேன்னா பஸ்ஸு டெப்போவுக்குள்ள போகவே போகாது." டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே தேன் இல்லாமத்தான் வண்டி ஓடணும், ஐயா. பாட்டிலும் வேண்டாம். தூங்குற நேரம் பூரா அந்த இனிப்புலதான் பல்லு ஊறுது." மருமகள் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை சொன்னேம்ப்பா? போதும். நாளையிலேருந்து குட்டி மத்தியானமும் மாமாகிட்டயே இருக்கட்டும்."

நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது பெரியவருக்கு. தானாகவே வந்து மடியில் விழுந்ததே! இனி காலையும் இவர், மத்தியானமும் இவர், நாற்காலி பஸ் கிடையாது, கொஞ்ச நாளில் வீட்டுத் தாத்தா வெறும் தாத்தா ஆகிவிடுவார், குழந்தைகளுக்கு மறதி எவ்வளவு வசதியான விஷயம்... சம்பந்தி மறுபடி உட்கார்ந்திருந்தார், ஸ்டியரிங் பிடித்த அந்த அகலமான கைகள் முழங்காலில் மல்லாந்து கிடந்தன. பார்க்காதே, பெரியவர் தனக்குச் சொல்லிக்கொண்டார், பார்த்தால் பாவமாக இருக்கும். "இருங்க, தேன் மட்டும் காரணமில்ல," என்று டாக்டர் சொன்னது அப்போதுதான். "இந்த வெள்ளை இருக்கே, இது பூஞ்சை. பல்லைச் சொத்தையாக்குற கிருமி தனியா இருந்தா ஓரளவுக்குத்தான் ஆட்டம் போடும், இதுவும் கூடச் சேந்துட்டா ரெண்டும் பிசின் மாதிரி பல்லுல ஒட்டிக்கும், இனிப்பு அதுக்குத் தீனி. பெரியவங்க வாயிலேருந்தும் குழந்தைக்கு வரலாம். வீட்ல யாராவது பல்செட் வச்சிருக்கீங்களா? கழட்டாமலே தூங்குறவங்களுக்கு அண்ணத்துல செவந்து எரியும், அங்க இது நல்லா வளரும். அவங்க வாயில வச்ச கரண்டியைக் குழந்தைக்குக் கொடுத்தா..."

எரியும். எத்தனை மாதமாக எரிகிறது, மிளகுக் காரம் என்று நினைத்தாரே, வயதுச் சூடு என்று நினைத்தாரே... மேல் வரிசை முழுக்கச் செட்டு, வேறு ஊருக்கு ரயிலேறிப் போய் வைத்துக்கொண்டு வந்தது, மகனுக்குக்கூடத் தெரியாது, ராத்திரி கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள், எங்கள் வீட்டுப் பல் கிண்ணத்தில் கிடந்து சிரிப்பதா? ஆகவே கழற்றுவதே இல்லை. சொல்லிவிடலாமா, இப்போதே, ஒரு வார்த்தை... "எங்க வீட்ல யாருக்கும் பல்செட் கிடையாது டாக்டர்," என்றாள் மருமகள், குரலில் எவ்வளவு பெருமை. "மாமாவுக்கு இந்த வயசுலயும் சொந்தப் பல்லு." உடனே சம்பந்தியும், "ஆமாம்மா, சம்பந்தி பல்லு மாதிரி வருமா? அவர் சிரிச்சா எனக்கே பொறாமையா இருக்கும், அதனாலதான் மனுஷன் சிரிக்கிறதே இல்லையோ என்னவோ," என்று நிஜமாகவே சிரித்தார், அவர் வாயில் பாதிப் பல் இல்லை, அந்தப் பொக்கையை மறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பொறாமையா? இவர் மேல் அவருக்கா? எதைப் பார்த்து, விலை கொடுத்து வாங்கிய இந்த வரிசையைப் பார்த்தா? டாக்டர் பெரியவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், பல் டாக்டரின் கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும், பிறகு யாரையும் பார்க்காமல் மருந்து எழுதிக்கொண்டே, "யாரா இருந்தாலும் ராத்திரி கழட்டி, தேய்ச்சுக் கழுவி வச்சா போதும், அவங்களும் வந்து காட்டட்டும், குழந்தைக்குத் தனிக் கரண்டி," என்றாள். அவ்வளவுதான். விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளே என்பதுதான் கனத்தது. அப்படியானால் அந்த ஆள் ஊட்டிய தேனும் இவர் கொடுத்த கரண்டியும் இத்தனை நாளும் அந்தச் சின்ன வாய்க்குள் கைகோத்துக்கொண்டு... இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் குழந்தைக்கு ஒன்றைச் செய்தார்கள் என்றால் இது ஒன்றைத்தானா?

வராந்தாவில் மருந்துக்காக நின்றபோது பெரியவரின் போன் அடித்தது, அவருடைய அக்கா. காலையில் புறப்படும் முன்பே, எல்லாம் அந்தத் தேன் வேலையாகத்தான் இருக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்தவர் இவர்தான், அக்காவிடம் சொன்னால் அது இருபது வீட்டில் சொன்ன மாதிரி. "என்னடா, அந்த டிரைவர் தேனைக் கொடுத்தே புள்ளை பல்லைக் கெடுத்துட்டாராமே? தங்கச்சி வீட்ல கூட அதே பேச்சுதான்," என்று அவள் குரல் போனைத் தாண்டி வெளியே விழுந்தது. சம்பந்திக்குக் கேட்டிருக்கும், கேட்காதவர் போல் சுவரில் எதையோ படித்துக்கொண்டிருந்தார், தோளில் குழந்தை தூங்கிவிட்டது, அதன் வாய் லேசாகத் திறந்து அவர் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. மருமகள் மருந்துச் சீட்டோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அது பொய்க்கா," என்றார் பெரியவர். "அவரால மட்டும் இல்ல. டாக்டரே சொல்லிட்டாங்க."

"பின்ன யாராலயாம்?"

நாக்கு மேல் வரிசைச் செட்டை ஒருமுறை தடவிப் பார்த்தது.

"அவரால மட்டும் இல்லன்னு சொல்றேன்ல. குட்டி நாளைக்கும் மத்தியானம் அவர் வீட்டுக்குத்தான் போகும். போனை வை."