கல்லடி அட்டைகள்

குடகு மலைப் பனிமூட்டத்தில், ஓடை கனவுக்குள்ளிருந்து இறங்கி வருவதுபோல் இருந்தது. தேச்சம்மா தண்ணீரில் நின்று கற்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அட்டைகள் மொய்த்திருந்தன.

"குடகுல அட்டை இல்லாத இடம் ஏது?" என்று கரையிலிருந்து சிரித்தான் கணவன் பெள்ளியப்பா.

"அது காட்டு அட்டைங்க. இது அழுகல் தண்ணியில பெருகுறது."

அவள் ஓடையோடு மேலே நடந்தாள். அவர்கள் தோட்டத்தில் காப்பிப்பழம் கழுவிய நீரை ஓடையில் கொட்டும் குழாயைத் தாண்டியதும் அட்டைகளைக் காணோம். கல்லடியில், சுத்தமான தண்ணீரில் மட்டுமே வாழும் கண்ணாடிபோன்ற சின்னப் பூச்சிகள் நெளிந்தன.

கரையோடு கூடவே வந்த பெள்ளியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தானும் புரட்டிப் பார்த்தான்.

"நம்ம அழுக்கா, தேச்சு?"

"நம்மதுதாங்க."

"குழி வெட்டி, கழுவுற தண்ணிய அதுல திருப்பிவிடுவோம். அதுவரைக்கும் பழம் உரிக்கிற மெஷின் ஓடாது."

அவனுடைய ஈரக் கையை அவள் பற்றிக்கொண்டாள். பனிக்குள் இருவரும் அசையாமல் நின்றார்கள்.