லேப்ரடாருக்குச் சுழி பார்த்த கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைக்காமல் போன ஒரு நாய்க்குட்டியால் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேயாவது நான் பெருந்தன்மையாக எழுதியிருந்தால் நீங்கள் சந்தேகப்பட வசதியாக இருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகும் வழியில் தமிழ்மாறன் என்பவர் லேப்ரடார் ரெட்ரீவர் வளர்த்துக் குட்டிகளை விற்கிறார். வங்கி வேலையை உதறிவிட்டு இதற்கு வந்தவர். அவரிடம் குட்டி வாங்குவது பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மதில் எவ்வளவு உயரம், சங்கிலியில் கட்டுவீர்களா என்று இரண்டு பக்கத்துக்குப் படிவம் நீட்டுவார். ஒரு பதில் பிடிக்காவிட்டாலும், "காபி சாப்டுட்டுப் போங்க சார்" என்று அனுப்பிவிடுவார்.

அந்தமுறை தாய் நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. ஐந்து போய்விட்டன. மிச்சமிருந்தது வெளிர் மஞ்சளில் ஒரு பெட்டைக் குட்டி. அதற்கு முதலில் பதிவு செய்திருந்தவர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயி இராஜாங்கம். அவர் வேண்டாம் என்றால் அடுத்த ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு தரப்பையும் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்ற ஒரே நினைப்போடு நான் போய் உட்கார்ந்திருந்தேன்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"வல்லம் சாலையின் புளிய மரங்களுக்கிடையே வெயில்—" விட்டுவிட்டேன். அங்கே புளிய மரம் இருக்கிறதா என்றே எனக்கு நினைவில்லை.

"ஆதிகாலம் தொட்டு மனிதனுக்கும் நாய்க்கும்—" இது பள்ளிக்கூடக் கட்டுரை. இதையும் விட்டேன்.

"இராஜாங்கத்துக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது." இது நிற்கிறது. இதிலிருந்தே போவோம்.

அவருடைய அப்பா பண்ணையில் கூலியாளாக இருந்தவர். இராஜாங்கம் சொந்தமாக மூன்று ஏக்கர் வாங்கி நடவு செய்கிறார். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர். மகளுக்குச் சுடர்விழி என்று பெயர் வைத்தார். அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்கு அறுபது நெருங்கியதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் திருக்கடையூருக்குப் போகச் சொன்னார்கள்.

"ஒரே பொண்டாட்டிக்கு எத்தன தடவ தாலி கட்டுறது?" என்றார் இராஜாங்கம்.

"நீங்க கட்டவே வேணாம்" என்றார் அவர் மனைவி அம்சம். "அதுக்குப் பதிலா எனக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடுங்க. டிவியில மொழுமொழுன்னு ஒண்ணு வருதுல்ல, அது."

மகள் தேடிப்பிடித்து அப்பா பெயரில் பதிவு செய்தாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போன ஐப்பசியில் அம்சத்துக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த இராஜாங்கம், வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரியில் எழுந்து மனைவி மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். (இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். படிவத்தை எழுதி முடிப்பதற்குள் அம்சம் பாதியைச் சொன்னார். மீதி என் சொந்தச் சரக்கு.)

3

படிவத்தில் தேறிவிட்டார்கள். தமிழ்மாறன் குட்டியைக் கொண்டுவந்து அம்சத்தின் மடியில் வைத்தார். அது அவருடைய முந்தானையைக் கொஞ்சநேரம் மென்று பார்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போனது. அம்சம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் வயிறு எரிந்தது.

அப்போது இராஜாங்கம் அந்தக் குட்டியைத் தன் கையில் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். முதுகு, நெஞ்சு, விலா என்று ஒவ்வொரு இடமாக முடியை ஒதுக்கிப் பார்த்தார்.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் தமிழ்மாறன். "ஊசி போட்ட அட்டை இருக்கு. அப்பா அம்மாவோட பேப்பரும் இருக்கு."

"ஒண்ணுமில்ல தம்பி, சும்மாதான்."

சும்மா இல்லை. அவர் சுழி பார்த்துக்கொண்டிருந்தார்.*

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். சாமி இல்லை என்பவர் சுழி பார்ப்பாரா? பாத்திரம் பிசகுகிறதே என்று குடைந்துகொண்டே இருந்தது. பிறகு புரிந்தது. இராஜாங்கம் முப்பது வருஷமாக மாடு வாங்கி விற்றவர். ராகுகாலத்தில் புறப்பட்டு மாட்டுச்சந்தைக்குப் போவார்; போன இடத்தில் சுழி பார்க்காமல் ஒரு மாட்டைப் பிடிக்கமாட்டார். முதலாவது மூடநம்பிக்கை, இரண்டாவது தொழில். அவரைக் கேட்டால் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. நாலு கால் இருந்ததால் கை தன்னால் தேடியது, அவ்வளவுதான்.

தேடிய கை ஓரிடத்தில் நின்றது. குட்டியை மனைவி மடியில் திரும்ப வைத்துவிட்டு, கை கழுவுவதாகச் சொல்லி வெளியே போனார்.

* மாட்டின் உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து, வாங்குகிறவனுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள். அவற்றில் ஒன்றுக்குப் பெண்டிழந்தான் சுழி என்று பெயர். அந்த மாட்டை வாங்கியவன் பெண்டாட்டியை இழப்பானாம். அது உடம்பில் எந்த இடம் என்று எழுதமாட்டேன். நீங்கள் போய் உங்கள் வீட்டு மாட்டைத் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

4

நானும் பின்னாலேயே போனேன். குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையை நனைக்காமல் நின்றிருந்தார்.

"தம்பி, உங்க வீட்ல மாடு உண்டா? சுழி கிழி தெரியுமா?"

"கொஞ்சம் தெரியுங்க ஐயா."

"பெண்டிழந்தான் கெடக்கு. நாய்க்கும் அது பலிக்குமா?"

முதல் வரைவில் நான் சிரித்துக்கொண்டே, "நாய்க்கு ஏதுங்க ஐயா சுழி" என்கிறேன். அவர் முகம் தெளிகிறது. இரண்டாம் வரைவில் நான் குழாயடிக்கே போகவில்லை. மூன்றாவதில் அவருக்குப் பதில் சொல்பவர் தமிழ்மாறனின் தோட்டக்காரர். மூன்றும் பொய்.

நடந்தது இதுதான். "உசுருன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே ஐயா" என்றேன். "தெரிஞ்சே எதுக்கு வம்பு?"

எனக்குச் சுழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் பாக்கெட் பால் குடித்து வளர்ந்தவன். மேலே உள்ள அடிக்குறிப்பையே பிற்பாடு விசாரித்துத்தான் எழுதினேன். அந்தக் குட்டி எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஒரு மனுஷனின் பயத்தில் எண்ணெய் ஊற்றினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

5

"இது வேணாம் அம்சம்" என்றார் இராஜாங்கம். "மூக்கு சரியில்ல."

"மூக்குக்கு என்னவாம்?"

"நம்ம ஊரு வெயில் தாங்காது."

"அதான் ஒங்க மக ஏசி மாட்டி வச்சிருக்காளே."

"முடி கொட்டும்."

"ஒங்களுக்குந்தான் கொட்டிப்போச்சு. நான் வெரட்டியா விட்டேன்?"

தமிழ்மாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இராஜாங்கம் அடுத்த காரணம் தேடிக் கூரையைப் பார்த்தார். அம்சம் குட்டியின் காதை நீவிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"சுழியப் பாத்துட்டீங்களா?"

அவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"மடிக்கு வந்த ஒடனயே நான் பாத்தாச்சு. எங்கப்பா மாட்டுத் தரகரு. எனக்குத் தெரியாத சுழியா?"

"தெரிஞ்சுமா மடியில வச்சிருக்க?" அவர் குரல் உடைந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு அம்சம். இன்னொரு தடவ அந்த வராந்தாவுல என்னால ஒக்கார முடியாது."

அம்சம் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை வர்ணிக்க ஐந்து வாக்கியம் எழுதி ஐந்தையும் அடித்துவிட்டேன். அவ்வளவு பிரியத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"வாங்குறவன் பொண்டாட்டிக்குத்தான ஆவாது?" என்றார் அம்சம். "நீங்க வாங்காதீங்க. நான் வாங்கிக்கிறேன். எனக்கு ஏது பொண்டாட்டி?"

பிறகு தமிழ்மாறனிடம் திரும்பினார். "தம்பி, பேப்பர்ல அவரு பேர அடிச்சுட்டு அம்சம்னு போடுங்க. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

வீட்டுப் பட்டா, கரண்ட் இணைப்பு, டிராக்டர் எல்லாம் இராஜாங்கம் பெயரில் இருந்தன. அம்சம் பெயரில் முதன்முதலாக ஒரு சொத்து எழுதப்பட்டது. அது அப்போது மேசைக்கடியில் மூத்திரம் போய்க்கொண்டிருந்தது.

6

முடிவுக்கு வருகிறேன்.

(அ) ஐந்து வருஷம் கழித்து, குறுவை அறுப்பு முடிந்த வயல் வரப்பில் அம்சம் நடக்கிறார். முன்னால் அந்த நாய், வாயில் யாருடைய வாத்தையோ கவ்விக்கொண்டு—

(ஆ) அடுத்த ஐப்பசியில், மழை நாளில், ஆம்புலன்ஸ்—

இரண்டையும் எழுதமாட்டேன். முதலாவதை எழுதினால் சுழி தோற்றதாக ஆகும், இரண்டாவதை எழுதினால் ஜெயித்ததாக ஆகும். எப்படியானாலும் ஒரு பிடி முடியைக் கதைக்கு நீதிபதி ஆக்கிவிடுவேன். அம்சம் அதற்கு அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. வாங்குகிற ஆளை மாற்றிவிட்டுப் போய்விட்டார்.

ஆகையால் அவர்களைக் கார் வரைக்கும் மட்டும் கொண்டுவந்து விடுகிறேன். வாடகைக் கார். இருவரும் பின்சீட்டில் இருக்கிறார்கள். இப்போது குட்டி இராஜாங்கத்தின் மடியில். அவர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சுழியை விரலால் நேராக நீவிவிடுகிறார். முடி மறுபடி சுழித்துக்கொள்கிறது. மறுபடி நீவுகிறார். அம்சம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிடுகிறார்.

"தம்பி, கொழாயடியில அவரு ஒங்கள ஏதாச்சும் கேட்டாரா?"

"கேட்டாருங்கம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இதற்கு நான் சொன்ன பதிலை நாலு விதமாக எழுதிவிட்டேன். நாலிலும் நான் நல்லவனாகவே வருகிறேன். அதனால் கிழித்துப் போட்டுவிட்டு, கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். குழாயடியில் நீங்களும் கூடத்தான் இருந்தீர்கள். நான் பேசியதைக் கேட்டீர்கள். அம்சத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களே நிரப்புங்கள்.

"........................................................"

கொஞ்சம் சீக்கிரம். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். இராஜாங்கத்தின் வேட்டி வேறு நனைந்துகொண்டிருக்கிறது.